பிறை பார்க்காமல் எடுத்த டிக்கெட்

"பதினாறு, பதினேழு... யாரு பேசினது? போச்சு. ஒண்ணு, ரெண்டு..."

சாரா பீவி எண்ணிக்கொண்டிருக்கும்போது வேனுக்குள் மூச்சுக் காட்டக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பமாகும். படிக்கட்டில் நின்றபடி கண்ணால் பார்த்து எண்ணுகிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. சீட்டுக்கு நடுவே புகுந்து போய், ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டு எண்ணுவார். மடியில் தூங்கும் பிள்ளையின் தலையும் அதில் அடக்கம். கடைசி வரிசை வரை தொட்டு முடித்து, அதே தலைகளைத் திரும்பி வரும்போது இன்னொரு தடவை தொட்டு, இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் கீழே இறங்குவார். அதன் பிறகே வாட்டர் பார்க் கேட்டில் இருக்கும் டிக்கெட் கவுன்ட்டருக்கு நடப்பார்.

"தலை வந்து சேரட்டும். அப்புறம் டிக்கெட்டு." இது ஒன்பது வருடங்களாக அவர் வைத்திருக்கும் சட்டம்.

திருச்சி பாலக்கரையில் ஒரு சந்துக்குள் சாரா பீவியின் வீடு. ஐம்பத்து நான்கு வயது. தடித்த உடம்பு, வேகமான நடை. வெளியூர்ப் பயணங்களுக்கு ஆள் சேர்த்து, வேன் பிடித்து, கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் தொழில். போர்டு கிடையாது, கார்டு கிடையாது. நாகூர், ஏர்வாடி, கொடைக்கானல் என்று வருடத்தில் பத்துப் பன்னிரண்டு டிரிப் அடிப்பார். அவற்றில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கிளம்பும் வேன்தான். மணப்பாறையைத் தாண்டி 'அலைச்சாரல்' என்று ஒரு வாட்டர் பார்க் இருக்கிறது. நோன்பு மாதம் முழுக்க அடுப்படியில் வெந்த பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா சொல்லி, ஐந்து வருடங்களுக்கு முன் என் மகள் ரஞ்சனியோடு இந்த வேனில் ஏறினேன். எங்கள் வீடு எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிடுகிற வீடு. ரயில் டிக்கெட் திறக்கிற அன்று காலையில் நானும் என் கணவரும் ஆளுக்கு ஒரு போனோடு உட்கார்ந்திருப்போம். சொர்க்கவாசலுக்குக்கூட ஒரு மாதம் முன்பே யாரையாவது பிடித்துப் பாஸுக்குச் சொல்லி வைத்துவிடுவோம். அப்படிப்பட்டவளை வாட்டர் பார்க் கேட்டில், வெயிலில், வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்? முதல் வருடமே நான் வாயைக் கொடுத்தேன்.

"அக்கா, இதையெல்லாம் ஆன்லைன்ல எடுத்துடலாமே. மூணு நாள் முன்னாடி எடுத்தா டிஸ்கவுன்ட் கூட இருக்கு. நேரா உள்ள போயிடலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் தப்பாக விடை சொல்லும் பிள்ளையை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"டீச்சர், பொம்பளைங்க உடம்புக்கு அட்வான்ஸ் புக்கிங் கெடையாதுங்க."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. ஒவ்வொரு வருடமும் கிளம்புகிற காலையில் இரண்டு மூன்று பெண்கள் போன் செய்து "மாமி, தலைவலி" என்பார்கள். மாதத்தில் அந்த நாள் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். சாரா பீவி ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "சரிம்மா, படுத்துக்க" என்று போனை வைத்துவிடுவார். டிக்கெட் எடுக்காததால் யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முன்பே காசு கட்டியிருந்தால், புருஷன் கேட்பான், மாமியார் கேட்பாள். அதற்குப் பயந்துகொண்டு அந்தப் பெண் வலியோடு வந்து உட்காருவாள்.

"காசு கட்டியாச்சேன்னு வர்றவ மொகத்த வேன்ல பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். மணப்பாறை போறதுக்குள்ள எல்லாரு மொகத்தையும் தொங்க வச்சிடுவா. ஆசையா வரணும் டீச்சர். இல்ல, வரவே கூடாது."

இரண்டாவது காரணம் பிறை. நோன்பு இருபத்தொன்பதில் முடியுமா, முப்பதில் முடியுமா என்பது அன்று சாயங்காலம் வானத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெருநாள் என்றைக்கு என்றே தெரியாதபோது பெருநாளுக்கு மறுநாளுக்கு எப்படி டிக்கெட் எடுப்பது? "பிறையப் பாத்துட்டு வேனுக்குச் சொல்லுவேன். வேனப் பாத்துட்டு டிக்கெட் எடுப்பேன்" என்பார். கணக்கு டீச்சரான என்னால் இதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேட்டில் டிக்கெட் எடுப்பதை அவர் ஒரு வித்தையாகவே வைத்திருந்தார். நான்கு கவுன்ட்டர் இருந்தால் எந்த வரிசை குட்டை என்று பார்க்க மாட்டார். யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். காலேஜ் பையன்கள் நிற்கும் வரிசை கூடவே கூடாது. ஒருத்தன் போனில் பணம் போகாது, இன்னொருத்தனிடம் கேட்பான், அவன் போனில் சார்ஜ் இருக்காது. குடும்பத்தோடு வந்தவர்கள் ஜன்னல் முன்னால் போய்த்தான் தாத்தாவுக்கு டிக்கெட் வேண்டுமா என்று சண்டை போடுவார்கள். தனியாக நிற்கும், சட்டைப் பையில் கை வைத்தபடி நிற்கும் நடுவயது ஆண்களின் பின்னால் போய் நின்றுகொள்வார். பத்து நிமிடத்தில் ஜன்னல் அவர் கைக்கு வந்துவிடும்.

குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து டிக்கெட் இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். கவுன்ட்டர் சுவரில் நான்கரை அடியில் ஒரு சிவப்புக் கோடு. பிள்ளைகளைக் குனிந்து நிற்கச் சொல்லும் பெற்றோர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். சாரா பீவி அந்தப் பேச்சுக்கே போவதில்லை. வேனிலிருந்து இறங்கும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் தன் பக்கத்தில் ஒட்டி நிறுத்திப் பார்த்து, "இவ பெரிய டிக்கெட்டு, இவன் சின்னது" என்று பிரித்துவிடுவார். தன் தோளின் எந்த இடத்துக்கு அந்தக் கோடு வரும் என்று அவருக்குத் தெரியும். கவுன்ட்டரில் இருக்கும் லிசி என்ற பெண் இவர் சொன்ன எண்ணிக்கைக்கு அப்படியே டிக்கெட் கிழிப்பாள். ஒரு பிள்ளையையும் கோட்டருகே கூப்பிட்டு நிறுத்தியதை நான் பார்த்ததில்லை.

ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை இந்தச் சட்டம் அவரைக் கைவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். உள்ளே கூட்டம் நிறைந்துவிட்டது, ஆன்லைனில் எடுத்தவர்களுக்கு மட்டும் அனுமதி என்றார்கள். வேனில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. என் மகளும் அழுதாள். 'அப்பவே சொன்னேனே' என்று என் முகம் சொல்லியிருக்கும். சாரா பீவி டிரைவர் சர்ஃபராஸிடம், "வண்டிய முக்கொம்புக்கு விடுப்பா. தண்ணி எங்க இருந்தா என்ன" என்றார். அந்த வருடம் முக்கொம்பு அணைப் பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடினார்கள், நாங்கள் மரத்தடியில் சாப்பிட்டோம். அவர் முகத்தில் அசடு வழியக்கூட இல்லை.

ஆனால் அந்த வேனில் ஹாலித் இருந்தான். துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருபத்தைந்து நாள் லீவில் வருகிறவன். மனைவி தஸ்லிமா, ஏழு வயது மகள் ஷிஃபானா. பாலக்கரையில் இரண்டு அறை வீட்டில் அத்தா, அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம் என்று பதினோரு பேர். இருபத்தைந்து நாளில் பெண்டாட்டியோடு தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போக வேண்டும். அங்கேயும் யாராவது பின்னாலேயே வந்துவிடுவார்கள். அந்த முறை முக்கொம்பில் குடும்பம் முழுவதும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது.

இந்த வருடம் நோன்பின் முதல் வாரம் முடியும்போது அவன் வந்து இறங்கினான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சாரா பீவி வீட்டுக்கு வந்தான். பெருநாள் வேனுக்கு எங்கள் பெயரைச் சொல்லிவைக்க அன்று நானும் போயிருந்தேன்.

"மாமி, இந்தத் தடவ மட்டும் டிக்கெட்ட முன்னாடியே போட்டுருங்க."

"பிறை?"

"இருவத்தொம்பதுல தெரிஞ்சா வெள்ளிக்கெழம பெருநாளு. சனிக்கெழம நம்ம வேனு. ஞாயித்துக்கெழம விடியக்காலம் எனக்கு ஃப்ளைட்டு."

"முப்பதாச்சுன்னா?"

"ஆச்சுன்னா எனக்கு நாளே இல்ல மாமி. அதனாலதான் சொல்றேன். சனிக்கெழம கேட்ல போயி நின்னு, மறுபடியும் ஃபுல்லுன்னு சொல்லிட்டாங்கன்னா? அம்மாகிட்ட சொல்லி இந்த ஒரு நாளைத்தான் வாங்கி வச்சிருக்கேன். நாங்க மூணு பேரு மட்டும் வர்றோம்னு."

அதைச் சொல்வதற்குள் அவன் காது சிவந்துவிட்டது. சாரா பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "டீச்சர், உங்க போன எடுங்க" என்றார்.

நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து சனிக்கிழமைக்கு இருபத்து நான்கு டிக்கெட் போட்டேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. தேதியை மாற்ற முடியாது, பணம் திரும்பத் தரப்படாது. படித்தேன். படித்துவிட்டுத்தான் ஒப்புதல் கட்டத்தில் விரலை வைத்தேன். பள்ளியில் பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று சொல்கிறவள் நான்.

ஒருமுறை முடிவு செய்துவிட்டால் சாரா பீவிக்குச் சந்தேகம் வராது. அடுத்த பத்து நாள், "இந்த வருசம் இருவத்தொம்பதுதான். எழுதி வச்சுக்க" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷிஃபானாவுக்கு நைலான் டிரெஸ் வாங்கியாகிவிட்டது. பருத்தி உடையோடு அங்கே தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். தஸ்லிமா தனக்கும் ஒன்று, கறுப்பில், முழுக்கை வைத்தது வாங்கிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வானம் முழுக்க மேகம். பாலக்கரை மொட்டை மாடிகளில் ஆட்கள் மேற்கே பார்த்து நின்றதாக ரஞ்சனிக்கு அவள் தோழி படம் அனுப்பினாள். ஏழரை மணிக்கு சாரா பீவி போன் செய்தார்.

"டீச்சர், பள்ளிவாசல்ல சொல்லிட்டாங்க. எங்கயும் பிறை தெரியல. நாளைக்கு முப்பதாவது நோன்பு. சனிக்கெழம பெருநாளு."

டிக்கெட் சனிக்கிழமைக்கு. பெருநாள் அன்றைக்கே யார் அடுப்பையும் விருந்தாளிகளையும் விட்டுவிட்டுத் தண்ணீரில் குதிக்க வருவார்கள்? பார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். மிகவும் மரியாதையாக முடியாது என்றார்கள். திரும்ப சாரா பீவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். அந்தக் காசை நான்..."

"காசு கெடக்குது டீச்சர். அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றவர், அடுத்த மூச்சில், "பெருநாளு அன்னைக்குப் போனா என்ன?" என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராகப் பாலக்கரைக்குப் போனேன். சாரா பீவி காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கடைசி நோன்பு, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பங்குனி வெயில் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். "தொழுகை எட்டு மணிக்கு. பத்து வீட்டுக்குப் போயிட்டு வந்துருவீங்க. பதினொரு மணிக்கு மேல என்ன பண்றீங்க? சாப்பிட்டுட்டுத் தூங்குறீங்க. அந்தத் தூக்கத்த நான் கேக்குறேன். பெருநாளு சோத்த சட்டியோட வேன்ல ஏத்துங்க, அங்க போயி திங்கலாம்." சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். நான்கு பெண்கள் வீட்டில் விருந்தாளிகள் வருகிறார்கள், முடியவே முடியாது என்றுவிட்டார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். கடைசியாக ஹாலித் வீடு பாக்கி இருந்தது.

ஹாலிதின் அம்மா மெஹர் பானு வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என் மவன் நாளன்னிக்கு வெளிநாடு போறான். பெருநாளுக்கு எங்கூட ஒரு வேளை உக்காந்து சோறு திங்க வேணாமா? உங்களுக்கு டிக்கெட்டு வீணாப் போகுதேன்னு கவல."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தஸ்லிமா உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். ஹாலித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சாரா பீவி சண்டைக்குப் போகவில்லை. மெஹர் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கூடத்தான் திம்பான். சஹன் தட்டையும் எடுத்துக்குங்க. நீங்களும் வர்றீங்க."

"நானா? அந்தத் தண்ணிக்குள்ளயா?"

"தண்ணிக்குள்ள வேணாம். நெழல்ல உக்காருங்க. உங்க மவன் கடைசி நாளு முழுக்க உங்க கண்ணு முன்னாடி இருப்பான். வீட்ல இருந்தா அவன் கூட்டாளிங்க வந்து இழுத்துட்டுப் போயிடுவானுங்க."

இது மெஹர் பானுவுக்குச் சரியாகப் பட்டது. ஹாலித் நிமிர்ந்து பார்த்தான். மூன்று பேர் போவதற்கு வாங்கிவைத்திருந்த நாளில் இப்போது அம்மாவும் சேர்ந்துவிட்டார். அவன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். சாரா பீவியும் பார்த்தார். படியிறங்கி நடந்தார்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு வேன் கிளம்பத் தயாராக நின்றது. புதுத்துணி, அத்தர் வாசனை, சட்டிக்குள்ளிருந்து பிரியாணி வாசனை. தஸ்லிமா மட்டும் ஏறவில்லை. வேன் கதவருகே சாரா பீவியின் காதில், "மாமி, தலைவலி" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து நாள் லீவு, ஒரே ஒரு நாள், அதிலும் இப்படி.

இத்தனை வருடமாக "படுத்துக்க" என்று சொன்ன மனுஷி அன்று அதைச் சொல்லவில்லை.

"தலைவலின்னா தண்ணியில எறங்க வேணாம். வேன்ல ஏறக் கூடாதுன்னு யாரு சொன்னது? ஆசை இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"இருக்கு மாமி."

"அப்ப ஏறு."

பார்க் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெரிய தட்டான சஹனைச் சுற்றி நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். மெஹர் பானு தன் சஹனில் மகனை உட்காரவைத்து, கறித்துண்டுகளை அவன் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் ரஞ்சனிக்கும் வெஜிடபிள் பிரியாணி தனியாக ஒரு டப்பாவில் வந்திருந்தது. பக்கத்தில் கார் நிறுத்த வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தபடியே போனார்கள்.

சாப்பிட்டு முடித்து கேட்டுக்குப் போனால், கவுன்ட்டர் நான்கும் மூடியிருந்தன. 'இன்றைய டிக்கெட் முடிந்தது' என்று பலகை. வெயிலில் ஒரு ஐம்பது பேர் லிசியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் சாரா பீவியைப் பார்த்தேன்.

"சிரிக்காதீங்க டீச்சர். உங்க டிக்கெட்டு நல்ல டிக்கெட்டுதான். நாளுதான் நம்ம பேச்சக் கேக்கல."

வராத நான்கு பேரின் டிக்கெட் என் போனில் மிச்சம் இருந்தது. ஒன்று மெஹர் பானுவுக்கு. ஜீயபுரத்திலிருந்து பைக்கில் வந்து, கேட்டில் திரும்பிப் போகச் சொல்லிவிட்டதால் முகம் சுண்டி நின்ற புதுக் கல்யாண ஜோடியைச் சாரா பீவி கூப்பிட்டு, "பெருநாளு. காசெல்லாம் வேணாம், உள்ள போங்க" என்று இரண்டைக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒன்று இருந்தது.

"இது யாருக்கு அக்கா?"

"எனக்கு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாட்டர் பார்க்குக்குள் போனதே இல்லை. எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு, சர்ஃபராஸோடு வேனில் உட்கார்ந்து பொருள்களைப் பார்த்துக்கொள்வார்.

உள்ளே போனதும் முதல் காரியமாக மெஹர் பானுவைப் பெரிய மின்விசிறி சுற்றும் ஓய்வுக் கூடத்தில் உட்காரவைத்தார். "டீச்சர், கொஞ்சம் பேச்சுக் கொடுங்க" என்று என்னையும் அங்கே நட்டுவிட்டுப் போனார். நான் பள்ளிக்கூடக் கதை சொன்னேன். முப்பது நோன்பு, விடியலில் எழுந்து சமைத்த களைப்பு, வயிறு நிறைய பிரியாணி, தலைக்கு மேல் காற்று. ஐந்தாவது நிமிடத்தில் அவர் குறட்டை விட்டார். என் பாடத்துக்கு இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது.

நான் எழுந்து அலைக்குளத்தின் பக்கம் போனேன். ஹாலித் ஷிஃபானாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் நின்றிருந்தான். கரையில் ஒரு நீல பெஞ்சில் தஸ்லிமா தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை ஆட்டினால் அவள் கை ஆட்டுவாள். அவன் தண்ணீரில், அவள் தரையில். ஆசையாகக் கேட்டு வாங்கிய நாள் இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

அப்போது உடை மாற்றும் அறைப் பக்கமிருந்து சாரா பீவி வந்தார். வாடகைக்கு எடுத்த நைலான் சுடிதார், அதுவும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அவர் அளவுக்கு அது ஒன்றுதான் இருந்ததாம். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

"என் வீட்டுக்காரரு பதினெட்டு வருசம் ரியாத்துல இருந்தாரு டீச்சர்" என்றார், குளத்தைப் பார்த்தபடி. "லீவுக்கு வந்தா வீடு நெறைய ஆளு. நாங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் ஏர்போர்ட்டு போற வழியில, காருலதான். அதுவும் டிரைவர் கேப்பானேன்னு மெதுவா."

"இப்ப?"

"இப்ப வீட்லதான் இருக்காரு. நாள் முழுக்க எதுத்தாப்புலயே உக்காந்திருக்காரு. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. பேச வேண்டிய வயசுல பேசல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவில் ஒரு கணம் தயங்கினார், பிறகு இடுப்பு வரை போனார். ஹாலிதின் தோளிலிருந்து குழந்தையை இறக்கித் தன்னிடம் வாங்கிக்கொண்டார்.

"போதும், நீ ஏறு. நான் பாத்துக்குறேன்."

"இல்ல மாமி, பரவால்ல..."

"ஏறுன்னேன்ல."

அவன் ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி, பெஞ்சில் தஸ்லிமாவின் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்தார்கள். அவள் ஏதோ கேட்டாள். அவன் திரும்பிப் பதில் சொன்னான். அவள் தன் துப்பட்டா முனையால் அவன் காதோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஷிஃபானாவுக்கு அத்தா போனது பிடிக்கவில்லை. கரைக்கு ஓடுவதற்குத் திமிறினாள். "அத்தாட்ட போணும்" என்று பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தத் தொடங்கினாள். சாரா பீவி பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குழந்தையின் முகத்தில் அடித்தார். குழந்தை திகைத்து, சிரித்து, திருப்பி அடித்தது. அலை வந்து ஓய்ந்ததும் மறுபடி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. மறுபடி ஒரு கை தண்ணீர். தலைத்துண்டு அவிழ்ந்து அலையில் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. குழந்தை திரும்பும்போதெல்லாம், சங்கு ஊதிப் பார்க்கை மூடும் வரைக்கும், சாரா பீவி தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டே இருந்தார்.